நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்க: பாக்கெட்டில் சில்லறை, காலில் நல்ல ஷூ

முதல் தடவை நியூ ஆர்லியன்ஸ் போனபோது எல்லோரையும் போல நானும் நேராக போர்பன் தெருவுக்குத்தான் போனேன். நியான் விளக்கு, கதவுக்குக் கதவு ஸ்பீக்கர், பழைய ராக் பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுகிற பேண்டுகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளை. இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டு, இதற்கா ஹூஸ்டனிலிருந்து ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டி வந்தோம் என்று அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு. காபி வாங்க நின்ற வரிசையில் பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக்கொடுத்தார், என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "மத்தியானம் கிளெய்போர்ன் பாலத்துக்கு அடியில் போய் நில்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. போய் நின்றேன். அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அந்த ஊருக்குப் போய்வருகிறேன்; நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் ஜாஸின் பெரும்பங்கு தெருவில்தான் நடக்கிறது, அந்தத் தெருக்காரர்கள் தங்களுக்காக நடத்துவது அது, நாம் அங்கே கூப்பிடாமல் போன விருந்தாளி. துரத்த மாட்டார்கள், சந்தோஷமாகவே சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் விருந்தாளி வெறுங்கையோடு போகக்கூடாது, மணவறையில் ஏறி உட்காரவும் கூடாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

எப்போது போவது

பயணத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து திங்கள் மத்தியானம் கிளம்புவது உத்தமம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் வரைக்கும் பெரும்பாலான ஞாயிறுகளில் செகண்ட் லைன் ஊர்வலம் உண்டு, பேண்டோடு ஊர்ச்சனமும் சேர்ந்து ஆடிப்போகிற ஊர்வலம், விவரம் கீழே. ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள், சென்னை மே மாதத்தையே பார்த்தவர்களுக்குக்கூட அந்தப் புழுக்கம் தாங்காது.

திருவிழாக்கள் நிறைய. ஏப்ரலில், ஊரின் பழைய பேட்டையான ஃபிரெஞ்ச் குவார்ட்டரின் பெயரில் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் ஃபெஸ்டிவல், 1984 முதல் நடக்கிறது, உள்ளே நுழையக் காசு கிடையாது, மேடைகளில் பெரும்பாலும் உள்ளூர்க் கலைஞர்கள்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்த ஊர் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்தநாளை ஒட்டி சாச்மோ சம்மர்ஃபெஸ்ட், சாச்மோ என்பது அவருடைய செல்லப்பெயர். அவர் தன் வாழ்நாள் முழுக்க 1900 ஜூலை 4-இல் பிறந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார், ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தபோதுதான் 1901 ஆகஸ்ட் 4 என்று தெரிந்தது. அப்புறம் ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கிற பெரிய ஜாஸ் ஃபெஸ்ட். 1970-இல் காங்கோ சதுக்கத்தில் சின்னதாகத் தொடங்கியது, இன்றைக்கு உலகப் பிரசித்தம். முதல் தடவை போகிறவர்கள் அதற்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி. ஹோட்டல் வாடகை எகிறிவிடும், டிக்கெட்டும் மலிவில்லை, நட்சத்திரங்களைத் தூரத்தில் எறும்பு மாதிரி பார்த்துவிட்டு வருவீர்கள்.

ரேடியோவைப் போடுங்கள்

ஊருக்குள் நுழைந்ததும் கார் ரேடியோவில் 90.7 எஃப்எம் வையுங்கள். டபிள்யூடபிள்யூஓஇசட் என்கிற சமூக வானொலி, 1980 முதல் இயங்குகிறது, நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். இன்றைக்கு எந்த இடத்தில் யார் வாசிக்கிறார்கள் என்று நாளில் பல தடவை பட்டியல் வாசிப்பார்கள். அதே பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலும் இருக்கும், ஞாயிறு ஊர்வலம் எந்தத் தெருவில் தொடங்கி எங்கெங்கே நின்று எங்கே முடியும் என்கிற ரூட் ஷீட் உட்பட. நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறுகிற ஊர் இது. நான் சொல்வதையும் யார் சொல்வதையும் நம்பாமல் அன்றன்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சில்லறை மாற்றுங்கள்

ஏடிஎம் 20 டாலர் நோட்டாகத்தான் கொடுக்கும். அதை ஒன்றும் ஐந்துமாக மாற்றி வைத்துக்கொள்ளாமல் வெளியே கிளம்பாதீர்கள். ஆரம்ப நாட்களில் ஓர் இரவு ஒரு சின்ன கிளப்பில் முக்கால் மணி நேரம் மெய்மறந்து கேட்டுவிட்டு, பாடகி கையில் பக்கெட்டோடு கூட்டத்துக்குள் இறங்கியதும், என்னிடம் இருந்தது ஒரே ஒரு இருபது, அதைப் போடவும் மனசு வரவில்லை, பாத்ரூம் பக்கமாக நழுவினேன். திரும்பி வந்தால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார். சிரித்தார். இருபதையும் போட்டேன்.

கஞ்சத்தனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பல கிளப்களில் நுழைவுக் கட்டணம் கம்மி, சில இடங்களில் கிடையவே கிடையாது. பார் விற்பனையில் ஒரு பங்கும் பக்கெட்டில் விழுவதும்தான் வாசிக்கிறவர்களுக்குக் கூலி. அதை ஐந்தாறு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். காப்பீடு இல்லாத கலைஞர்களுக்கு வைத்தியம் பார்க்கவென்றே 1998-இல் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள், நியூ ஆர்லியன்ஸ் மியூசிஷியன்ஸ் கிளினிக் என்று, ஊரின் நிலைமை அதிலேயே தெரியும். என் கணக்கு இது: உட்கார்ந்து கேட்டால் ஒரு செட்டுக்கு, அதாவது இடைவேளை வரை வாசிப்பதற்கு, ஆளுக்கு 5 டாலர், தெருவில் நின்று ஒரு பாட்டு கேட்டால் 1 அல்லது 2, வீடியோ எடுத்தால் கட்டாயம் போட்டே ஆக வேண்டும், விரும்பிய பாட்டைக் கேட்டால் குறைந்தது 10.

பிரிசர்வேஷன் ஹால் என்கிற பழைய ஜாஸ் கூடத்தில் ஒரு காலத்தில் பலகையே மாட்டியிருந்தார்கள். பழைய மரபுப் பாட்டு கேட்டால் 2 டாலர், மற்றது 5, வருகிறவர்களெல்லாம் கேட்கிற 'செயின்ட்ஸ்' பாட்டு மட்டும் 10. தினமும் அதையே வாசித்துச் சலித்தவர்களின் நியாயமான விலை.

பகலில் தொடங்குங்கள்

காரை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள், ஃபிரெஞ்ச் குவார்ட்டரில் பார்க்கிங் தேடுவது பாவப்பட்ட வேலை. பகலில் ராயல் தெருவின் ஒரு பகுதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், பேண்டுகள் நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்காரும். ராயலும் செயின்ட் பீட்டரும் சந்திக்கிற மூலையில் டோரீன் கெட்சன்ஸ் இருந்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம். ட்ரமே பேட்டையில் பிறந்தவர், பல பத்தாண்டுகளாகத் தெருவில் கிளாரினெட் வாசிக்கிறார், பக்கத்தில் கணவர் சூசாஃபோன் (உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்கிற பெரிய ஊதுவாத்தியம்), மகள் டிரம்ஸ். உச்சஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிற நேரத்தில் எதிரே மளிகைப் பையோடு போகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், எஸ்பிளனேட் அவென்யூவில், பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் ஜாஸ் மியூசியம். ஆம்ஸ்ட்ராங் சிறுவனாகச் சீர்திருத்த இல்லத்தில் இருந்தபோது வாசித்த கார்னெட், டிரம்பெட் மாதிரியான சின்ன ஊதுவாத்தியம், இங்கே இருக்கிறது. பகல் நேர இலவசக் கச்சேரிகளும் உண்டு. சிலவற்றைத் தேசியப் பூங்காத் துறையே நடத்துகிறது.

சாயங்காலம் பிரிசர்வேஷன் ஹால். 1961-இல் தொடங்கிய இடம், பெயரைக் கேட்டு அரண்மனை மாதிரி கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். சுவரில் சாயம் உரிந்த ஒரு கூடம், நாலைந்து பெஞ்சு, முன்னால் தரையில் மெத்தை, மற்றவர்கள் நிற்க வேண்டும். மது விற்பதில்லை, வாசிக்கும்போது போட்டோ கூடாது, ஒரு காட்சி முக்கால் மணி நேரம். குழந்தைகளையும் கூட்டிப்போகலாம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். மெத்தை கிடைத்தால் டிராம்போன்காரரின் குழல் உங்கள் மூக்குக்கு எதிரே வந்துபோகும், பயப்பட வேண்டாம், இடிக்க மாட்டார்.

ஜாஸ் புதிது என்றால் இங்கேயே காதைப் பழக்கிக்கொள்வது நல்லது. இந்த ஊர்ப் பழைய பாணியில் மூன்று ஊதுவாத்தியங்களும் ஒரே நேரத்தில் பேசும், முதலில் கேட்கிறவர்களுக்குச் சந்தைக்கடை மாதிரி இருக்கும். டிரம்பெட் பாட்டை நேராகச் சொல்லும், கிளாரினெட் அதைச் சுற்றிக்கொண்டு மேலே கொடி மாதிரி ஏறும், டிராம்போன் கீழே இழுத்து இழுத்து இடைவெளிகளை அடைக்கும். ஒரு பாட்டு முழுக்க டிராம்போனை மட்டும் கேளுங்கள், அடுத்த பாட்டில் கிளாரினெட்டை மட்டும். மூன்றாவது பாட்டில் மூன்றும் தானாகப் பிரிந்து கேட்கும். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டிவிட வேண்டும். தனி ஆவர்த்தனத்துக்கு நாம் தட்டுவது போலத்தான், கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை. தாளத்துக்குத் தட்டுவதாக இருந்தால், நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். நம் கை பழக்கதோஷத்தில் ஒன்றிலும் மூன்றிலும் போய் விழும், பக்கத்து ஆள் திரும்பிப் பார்ப்பார்.

இரவுக்கு ஃபிரெஞ்ச்மென் தெரு

எஸ்பிளனேடைத் தாண்டினால் மாரிக்னி பேட்டை, அங்கே இரண்டு மூன்று பிளாக் நீளத்துக்கு வரிசையாக கிளப்கள். ஸ்பாட்டட் கேட் குறுகலான இடம், நின்று வேர்த்துக் கொட்டிக் கேட்பது, பெரும்பாலும் பழைய பாணி ஸ்விங். எதிரே ஸ்னக் ஹார்பர், உட்கார்ந்து அமைதியாகக் கேட்கிற நவீன ஜாஸ், டிக்கெட் உண்டு. பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் பல ஆண்டுகள் வாராவாரம் வாசித்த இடம், 2020-இல் கொரோனாவில் போய்விட்டார். இன்னும் டிபிஏ, ப்ளூ நைல், மேசன் என்று இருக்கின்றன. ஒரே இடத்தில் குடியிருக்காதீர்கள். வாசலில் நின்று ஒரு பாட்டு கேளுங்கள், பிடித்தால் உள்ளே போங்கள், உள்ளே போனால் ஏதாவது வாங்கிக் குடியுங்கள், ஒரு செட்டுக்கு ஒரு பானம் என்பது பல இடங்களில் சட்டம். மது வேண்டாமா, சோடா வாங்கினாலும் போதும், ஆனால் டிப் வையுங்கள். பார்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், நரைத்த தலையைக் காட்டினாலும் அடையாள அட்டை கேட்பார்கள்.

போர்பன் தெருவை ரொம்பவும் திட்டிவிட்டேன், அங்கேயும் ஃப்ரிட்ஸல்ஸ் என்ற ஒரு பழைய கிளப்பில் நிஜமான ஜாஸ் நடக்கிறது.

ஞாயிறு: செகண்ட் லைன்

இவ்வளவு நேரம் எழுதியது இதற்காகத்தான். பின்கதை கொஞ்சம் தெரிந்தால் நல்லது. அடிமை முறை ஒழிந்தும் கறுப்பின மக்களுக்குக் காப்பீடு கொடுக்க ஆளில்லாத காலத்தில், தெருக்காரர்கள் சந்தா கட்டிச் சங்கம் வைத்தார்கள். உடம்புக்கு வந்தால் வைத்தியச் செலவு, செத்தால் பேண்டு வைத்து மரியாதையான அடக்கம். 1884-இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் நடக்கிறது. இப்படிப்பட்ட சங்கங்கள் ஆளுக்கொரு ஞாயிறு தங்கள் பேட்டைக்குள் ஊர்வலம் விடும். பளபளவென்று ஒரே நிறத்தில் சூட், தொப்பி, ஷூ, கையில் இறகு விசிறி என்று ஆடிவருகிற உறுப்பினர்களும் பேண்டும் முதல் வரிசை. கூடவே சேர்ந்துகொள்கிற ஊர்ச்சனம் இரண்டாவது வரிசை, பெயர் அங்கிருந்து வந்தது. நாமும் அதில்தான்.

வழக்கமாக மதியம் 12 அல்லது 1 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் போகும், நடுவில் பார் வாசல், யாராவது உறுப்பினர் வீடு என்று நின்று நின்று போவார்கள். ரூட் ஷீட்டைப் பார்த்து முதல் நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருப்பது சுலபம். சத்தம் முதலில் வராது, போலீஸ் பைக் வரும். அப்புறம் பாஸ் டிரம் அடிவயிற்றில் கேட்கும். அப்புறம் தெரு முழுக்கத் தலைகள்.

முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நல்ல வீடியோ கிடைக்கும் என்று பேண்டுக்கு முன்னால் ஓடி, பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுத்தேன். ஆடிவந்த உறுப்பினர் ஒருவருக்கு நேர் குறுக்கே. ஓரத்தில் நடந்துவந்த ஒரு பாட்டி தன் குடையின் நுனியால் என் தோளைத் தொட்டு, மாட்டை ஓட்டுகிற மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் பக்கவாட்டில் ஒதுக்கினார். உறுப்பினர்களுக்கு இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக்கொண்டு வருவார்கள், அந்தக் கயிற்றுக்குள் போகாதீர்கள். பேண்டுக்குப் பின்னாலோ நடைபாதையை ஒட்டியோ நடங்கள். ஆடத் தெரிந்தால் ஆடுங்கள், தெரியாவிட்டால் தாளத்துக்கு நடந்தால் போதும். டிரம்பெட் வாசிப்பவராக இருந்தால் வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். யாரும் கூப்பிடாமல் நடுவில் புகுந்து ஊதுவது இங்கே பெரிய அவமரியாதை.

பாஸ் டிரம்காரரைக் கவனியுங்கள். டிரம்முக்கு மேல் ஒரு சின்ன ஜால்ரா பொருத்தியிருக்கும், ஒரு கையில் டிரம் கட்டை, இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவரோ வளைத்த கம்பி ஹேங்கரோ வைத்து அந்த ஜால்ராவைத் தட்டுவார். அந்தக் கிணிங் சத்தத்துக்குத்தான் மொத்தக் கூட்டத்தின் காலும் ஆடும்.

பெரியவர் என்னை நிற்கச் சொன்ன பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. கிளெய்போர்ன் அவென்யூ ஒரு காலத்தில் நடுத்திடலில் வரிசையாக ஓக் மரம் நின்ற தெரு, கறுப்பின மக்களின் கடைவீதியும் திருவிழாத் திடலும் அதுதான். 1966-இல் மரங்களை வெட்டி, தலைக்கு மேல் ஐ-10 நெடுஞ்சாலையைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஊர்வலம் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் வந்ததும் பேண்டு வேண்டுமென்றே நிதானிக்கும். மேலே லாரி ஓடுகிற சத்தத்தை அமுக்கிக்கொண்டு டிராம்போன்கள் மொத்தமாக ஏறும், எதிரொலி தூணுக்குத் தூண் அடித்துத் திரும்பும், தூண்களில் சிலர் ஏறி நிற்பார்கள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

தண்ணீர், சாப்பாட்டுக் கவலை வேண்டாம், கூடவே பிக்கப் வண்டிகளிலும் ஐஸ் பெட்டி தள்ளிக்கொண்டும் விற்றுவருவார்கள். அவர்களிடமே வாங்குங்கள், பேட்டைக்குள் போகிற காசு அது. ஊர்வலம் தொடங்கின இடத்தில் முடியாமல் போகலாம், போனில் சார்ஜ் இருக்கட்டும். பாதுகாப்பைப் பற்றி வீட்டில் கேட்பார்கள், மறைக்காமல் சொல்கிறேன்: 2013 அன்னையர் தினத்தன்று ஓர் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 19 பேர் மீது குண்டு பாய்ந்தது. சில வாரத்தில் அதே சங்கம் மறுபடி ஊர்வலம் விட்டது. நான் போன தடவைகளில் எதுவும் நடக்கவில்லை, இருந்தாலும் கூட்டத்தோடு இருங்கள், ஊர்வலம் முடிந்ததும் தனியாகச் சுற்றாமல் கிளம்பிவிடுங்கள்.

சாவு ஊர்வலம் எதிர்ப்பட்டால்

பேண்டு வைத்து, ஆடி, சாவை அனுப்புவது நமக்குப் புதிதில்லை. இங்கே அது இரண்டு பாகம். கல்லறையை நோக்கிப் போகும்போது மெதுவான தோத்திரப் பாட்டு. ஸ்னேர் டிரம் என்கிற சின்ன டிரம்மின் அடிக்கம்பிகளைத் தளர்த்தியோ கைக்குட்டை செருகியோ சத்தத்தை அமுக்கி வைத்திருப்பார்கள். உடலை அனுப்பிவைத்த பிறகு அதை இறுக்குவார்கள், ஒரு உருட்டு, அவ்வளவுதான், ஆட்டம் தொடங்கிவிடும். முதல் பாகத்தில் போனைப் பையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஓரமாக நில்லுங்கள். குடும்பம் கடந்துபோன பிறகு, இரண்டாவது பாகத்தில், பின்னால் சேர்ந்துகொள்ளலாம்.

ட்ரமே பிராஸ் பேண்டின் பாஸ் டிரம்காரர் 'அங்கிள்' லயனல் பட்டிஸ்ட் 2012-இல் இறந்தபோது, அவர் உடலைப் பெட்டியில் கிடத்தாமல், தொப்பி, கைத்தடியோடு ஒரு தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிற மாதிரி நிறுத்திவைத்து அஞ்சலி செலுத்தினார்கள். பக்கத்தில் அவருடைய டிரம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

1970களின் தொடக்கத்தில் பிராஸ் பேண்டுகள், அதாவது பித்தளை ஊதுவாத்தியமும் டிரம்மும் சேர்ந்த தெரு பேண்டுகள், வயதாகித் தேய்ந்துகொண்டிருந்தபோது, பாஞ்ஜோ கலைஞர் டேனி பார்க்கர் ஒரு தேவாலயத்துச் சிறுவர்களைக் கூட்டி பேண்டு அமைத்தார், அந்தப் பையன்களில் பலர் பின்னாளில் ஊரின் பெரிய கலைஞர்கள் ஆனார்கள். அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. கத்ரீனா புயலுக்குப் பிறகு 2007-இல் ரீபர்த் பிராஸ் பேண்டின் டிரம்மர் டெரிக் டாப் சேர்ந்து தொடங்கிய ரூட்ஸ் ஆஃப் மியூசிக், பள்ளி முடிந்ததும் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம், வகுப்பு, சாப்பாடு எல்லாம் கொடுக்கிறது. மார்டி கிரா என்கிற கார்னிவல் திருவிழா ஊர்வலத்தில் சிவப்புச் சட்டையில் வருகிற பொடியன்கள் அவர்கள்தான். நார்த் ராம்பார்ட் தெருவில் உள்ள ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ் சென்டரில் இலவசக் கச்சேரிகள் நடக்கும், இருக்கையில் உட்கார்ந்து கேட்கலாம், தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் அதுதான் வசதி.

திங்கட்கிழமை ஊர் முழுக்க சிவப்பு பீன்ஸும் சாதமும். துணி துவைக்கிற நாளில் அடுப்பில் தானாக வேகட்டும் என்று ஏற்றிவைத்த சாப்பாடு, அப்படியே வழக்கமாகிவிட்டது. டிரம்பெட்காரர் கெர்மிட் ரஃபின்ஸ் ட்ரமேயில் மதர்-இன்-லா லவுஞ்ச் என்று ஒரு பார் நடத்துகிறார், சுவர் முழுக்க ஓவியம், அவரே வாசலில் பார்பிக்யூ அடுப்போடு நிற்பதும் உண்டு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சைவக்காரர்கள் மட்டும் வாயில் வைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், பீன்ஸுக்குள் பன்றிக்கறி கரைந்திருக்கும், பார்த்தால் தெரியாது.